ஆயிரம் வரைக்கும்

கையேட்டின் பதினேழாம் பக்கம் சொன்னது:
முதல் ஆயிரம் கிலோமீற்றருக்கு
பாரம் வேண்டாம்,
செங்குத்தான ஏற்றம் வேண்டாம்.

டிக்கோயாவில் இருந்துகொண்டு
ஏற்றம் வேண்டாமாம்.
இதை எழுதியவனின் ஊர்
தோசைக்கல்லாக இருக்கவேண்டும்.

கண்டியில் சாவி தந்த தரிந்து சிரித்தான்:
இப்போதைய எஞ்சினுக்கு அதெல்லாம் இல்லை மிஸ்.
கட்டாரில் லொறி ஓட்டும் மச்சான்
இருபதாயிரம் என்று வட்ஸ்அப் போட்டான்,
அதுவரை டீசல் வாய் திறக்காதாம்.
ஹட்டனில் டீசல் அடித்த பையன்
மூவாயிரம் என்றான், கேட்காமலே.

நான் கணக்கு டீச்சர்.
அச்சடித்த எண்ணை நம்பினேன்.
தவிர, வாகனப் புத்தகத்தில்
முழு உரிமையாளர் என்ற கட்டத்தில்
லீசிங் கொம்பனியின் பெயர்.
அறுபது தவணையில் ஒன்று கட்டியிருக்கிறேன்.
அடுத்தவர் பொருள், பார்த்துத்தானே ஓட்டவேண்டும்.

காலை ஆறு பத்துக்கு
நோர்வூட் சந்தியில் குடைகளோடு நிற்பார்கள்
ஜெபமலர், குணசீலி, சங்கீத டீச்சர் மதிவதனி,
ஆய்வுகூடத்துப் பெரியண்ணன்.
ஆறு இருபது பஸ்
ஒருநாள் வரும், ஒருநாள் ஞாபகத்தில் வரும்.

"ஆயிரம் வரைக்கும் பொறுத்துக்கங்க" என்றேன்
கண்ணாடியைப் பாதி இறக்கி.
பாதிதான்.
சாரல் சீற்றில் படும்.

பின்னோக்கும் கண்ணாடியில்
அவர்கள் சின்னதாகிக்கொண்டு போனார்கள்.
மணிக்கு முப்பது என்பதால்
வெகுநேரம்
சின்னதாகிக்கொண்டே போனார்கள்.

அறுநூற்று நாற்பதில்
ஒயில் கம்பியை உருவித் துடைத்துப் பார்த்தேன்.
ஒரு நகக்கண் அளவு குறைந்திருந்தது.

கராஜில் நிஸ்தார்.
சாதாரண தரத்தில் என் பாடத்தைக்
கோட்டைவிட்டவன்.
பொனட்டைத் திறக்கவே இல்லை.
"எப்படி ஓட்டுறீங்க டீச்சர்?"
"பூ மாதிரி."
"அதான் வருத்தம்."

பழைய பேப்பரில் க்ரீஸ் விரலால்
குறுக்கும் மறுக்கும் கீறினான்.
"சிலிண்டர் சுவர்ல இப்படிக் கோடு இருக்கு.
ரிங் அதில உரசி உரசித்தான் இடம் பிடிக்கணும்.
பாரம் ஏறினாத்தான் ரிங்கை வெளிய தள்ளும்.
நீங்க தாலாட்டினா
சுவர் கண்ணாடியாப் போயிரும்,
பிறகு ஒயில் குடிக்கிற பழக்கம் விடாது.
அதுக்காக மிதிக்கவும் வேணாம்,
குளிர்ல எழுப்பின கையோட விரட்டவும் வேணாம்.
நாலு பேரை ஏத்துங்க.
மலையில ஏத்துங்க.
திணற முன்ன கியரைக் குறைங்க."

"எத்தனை கிலோமீற்றருக்கு?
எண் சொல்லு நிஸ்தார்."
"எண் சொல்லத் தெரிஞ்சா
உங்ககிட்ட பாஸ் பண்ணியிருப்பேனே டீச்சர்."

மறுநாள் ஆறு பத்து.
கண்ணாடியை முழுக்க இறக்கினேன்.
மழை உள்ளே வந்து சீற்றில் உட்கார்ந்தது.
"ஏறுங்க."

ஜெபமலர் குடையை மடக்கவில்லை.
"ஆயிரம் ஆயிட்டுதா?"
"அறுநூற்று நாற்பத்தேழு."
"அப்ப எங்களை ஏன்?"
"பாரம் வேணுமாம்."
சொன்ன பிறகுதான்
சொன்னது எனக்குக் கேட்டது.

பஸ் வருகிற வழியை எல்லோரும் பார்த்தோம்.
வரவில்லை.
பெரியண்ணன் முதலில் ஏறினார்.
"எழுபத்தெட்டுக் கிலோ டீச்சர். காணுமா?"

மூன்றாவது கியரில் முனகியது.
இரண்டுக்கு இறக்கினேன்,
அடித்தொண்டையால் ஒரு குரல்,
வண்டிக்குள் அப்படியொன்று இருந்ததே தெரியாது.
சீற்றில் நான் கழற்றாமல் வைத்திருந்த பொலித்தீனை
குணசீலி நகத்தால் கிழித்துக்கொண்டே வந்தாள்.
யாரும் பேசவில்லை.
தேயிலைக்கு மேலே பனி,
பனிக்கு மேலே இன்னும் ரோடு.

ஆயிரம் எந்த வளைவில் வந்ததோ,
பள்ளிக்கூடக் கேற்றில் பார்த்தபோது
ஆயிரத்துப் பத்தொன்பது.
மதிவதனி ஏதோ ராகத்தை முணுமுணுக்க
எஞ்சின் அதற்குச் சுதி சேரவில்லை,
குறுக்கேயும் வரவில்லை.

இப்போது ஒயில் குறைவதில்லை.
ஜெபமலர் மட்டும்
இன்னும் முன்சீற்றுக்கு வரவில்லை.
இறங்கும்போது கதவை மெல்லச் சாத்துகிறாள்,
வேண்டியதற்கும் மேலே மெல்ல.
நான் எட்டி
இன்னொரு தரம் அடித்துச் சாத்துகிறேன்.